சீனி, பிரஷர், இழுப்பு, தைரொய்ட், முழங்கால்: ஐந்தும் ஒரே ஆளுக்கு இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

கொழுந்துக்கூடை:

அம்மாவுக்கு 67 வயது, எடை 46 கிலோ. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார். சீனி, பிரஷர், இழுப்பு, தைரொய்ட் குறைவு, இரண்டு முழங்காலிலும் தேய்வு. மூன்று கிளினிக், மூன்று கொப்பி. ஒவ்வொரு கிளினிக்கிலும் அவர்கள் பார்க்கும் வருத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் ஆள் நன்றாக இல்லை.

மருந்து விபரம்: காலையில் தைரொக்சின் 50 மைக்ரோகிராம், சீனிக்குக் கிளிக்லசைட் 80 மி.கி., மெட்போர்மின் 500 மி.கி., பிரஷருக்கு லொசார்டான் 50 மி.கி., எச்.சி.டி. (நீர் போக்கும் மாத்திரை) 25 மி.கி., கல்சியம் ஒன்று. எல்லாவற்றையும் 5 மணிக்குச் சாயத்தண்ணியோடு ஒன்றாக விழுங்குகிறார். ரொட்டி சாப்பிட 8 மணியாகிவிடும். இரவில் மெட்போர்மின் 500, கிளிக்லசைட் 40, கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டட்டின் 20. இழுப்புக்கு உறிஞ்சுகிற கெப்சியூல் இரண்டு வகை: பெக்லோமெத்தசோன் காலையும் இரவும், மூச்சு முட்டும்போது சல்பியூட்டமோல். முழங்காலுக்கு டவுன் பாமசியில் வாங்கும் டைக்ளோபெனக் 50 மி.கி., வாரத்தில் நாலைந்து நாள்.

கடைசி ரிப்போர்ட்: வெறும் வயிற்றுச் சீனி 98, எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி) 6.8, கிரியேட்டினின் 1.2, ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) 50, ஹீமோகுளோபின் 10.2, டி.எஸ்.எச். (தைரொய்ட் போதாவிட்டால் ஏறும் எண்) 9. தைரொக்சினைக் கூட்டியும் டி.எஸ்.எச். இறங்கவில்லை. பிரஷர் 122/70.

காலை பத்து, பதினொரு மணிக்கு வேர்த்துக் கை நடுங்குகிறது. எழும்பும்போது தலை சுற்றுகிறது. இரவில் மூன்று தரம் கக்கூசுக்கு எழும்புகிறார். அது லயத்துக்கு வெளியே, 14 படி இறங்க வேண்டும். அவர் ஆசைப்படுவது மூன்றுதான்: யார் கையையும் பிடிக்காமல் கோயிலுக்கு நடக்கணும், ராத்திரி தூங்கணும், அடுப்படியில் தன் கையால் சமைக்கணும். எதை முதலில் பிடிப்பது?

——

கறுவாப்பட்டை:

விபரத்தை இவ்வளவு ஒழுங்காக எழுதியது பாதி வேலையை முடித்துவிட்டது, தங்கச்சி. ஐந்து வருத்தத்தையும் ஐந்தாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல்தான் தெரியும். ஒரு மருந்து இன்னொன்றை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் அம்மாவின் நிலை விளங்கும்.

முதலில் டைக்ளோபெனக். அதை இன்றைக்கே நிறுத்தலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. லொசார்டான், எச்.சி.டி., டைக்ளோபெனக் மூன்றும் ஒரே உடம்பில் சேருவது சிறுநீரகத்துக்கு மிக மோசமான கூட்டு. எச்.சி.டி. உடம்பில் உள்ள நீரைக் குறைக்கிறது. லொசார்டான் சிறுநீரக வடிகட்டியின் வெளிவாசலைத் தளர்த்துகிறது. டைக்ளோபெனக் உள்வாசலைச் சுருக்குகிறது. வடிகட்டிக்குள் அழுத்தமே இல்லாமல் போய்விடும். வயிற்றோட்டம் ஒரு நாள் வந்தால் போதும், ஈ.ஜி.எஃப்.ஆர். 50 இலிருந்து 25க்கு விழலாம். டைக்ளோபெனக் பிரஷரையும் ஏற்றும். இழுப்புள்ள சிலருக்கு மூச்சு முட்டலைக் கிளப்பிவிடும். இரைப்பையில் மெல்ல மெல்ல இரத்தம் கசியவும் வைக்கும். ஹீமோகுளோபின் 10.2 ஆக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். போனால் கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

வலிக்குப் பரசிட்டமோல் 500 மி.கி. ஒன்று, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். பெட்டியில் எட்டு வரை போடலாம் என்று இருக்கும். அது எடை கூடியவர்களுக்கு. 46 கிலோவுக்கு அல்ல. டவுனில் "வலிக்கு நல்ல மருந்து" என்று பெயர் எழுதாத பொட்டலம் கொடுத்தால் வாங்காதீர்கள். அதில் பிரட்னிசொலோன் (ஸ்டீரோயிட் மருந்து) கலந்திருந்தால் வலி மாயமாய்ப் போகும், சீனி 300ஐத் தாண்டலாம்.

இரண்டாவது, 5 மணிக்கு ஒரே வாயில் போடும் ஆறு மாத்திரை. கல்சியம் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். தேத்தண்ணியும் உறிஞ்சலைக் குறைக்கும். டி.எஸ்.எச். இறங்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தைரொக்சினைப் பச்சைத்தண்ணியோடு தனியாக 5 மணிக்குக் கொடுங்கள். முதல் தேத்தண்ணி 6 மணிக்கு. கல்சியத்தைப் பகல் சோற்றுக்குப் பிறகு தள்ளுங்கள், இரண்டுக்கும் 4 மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். இப்படி மாற்றியதைக் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதி, 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.எச். திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டிய டோஸ் இப்போது முழுதாக உறிஞ்சப்பட்டு அதிகமாகிவிடக்கூடும். படபடப்பு, நித்திரையின்மை, எடை இறக்கம் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, கிளிக்லசைட். இதுதான் பதினொரு மணி வேர்வைக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே அனுப்பும். சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. 5 மணிக்குப் போட்டு 8 மணிக்குச் சாப்பிட்டால், சாப்பாடு வருமுன்பே அது வேலையைத் தொடங்கிவிடும். மூன்று ரொட்டியின் மா கரைந்து முடிந்த பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். ரொட்டித் தட்டு முன்னால் வந்த பிறகுதான் கிளிக்லசைட்டும் மெட்போர்மினும். தட்டு இல்லையென்றால் கிளிக்லசைட் இல்லை.

இன்னொன்று. அரச ஆஸ்பத்திரி மருந்தில் தயாரிப்பாளர் மாறும்போது மாத்திரையின் நிறமும் அளவும் மாறும். நிறத்தை வைத்து "பிரஷர் மாத்திரை வெள்ளை" என்று மனப்பாடம் செய்திருப்பவர்கள் அந்த மாதம் தடுமாறுவார்கள். கிளினிக்கில் கொடுத்ததும் தனியாரிடம் வேறு பெயரில் வாங்கியதும் ஒரே லொசார்டானாக இருந்து இரட்டிப்பாகப் போடுவதும் நடக்கும். பாமசிக் கவுண்டரில் நின்றபடியே ஒவ்வொரு உறையிலும் தமிழில் மூன்று சொல் எழுதுங்கள்: எதற்கு, எத்தனை, எப்போது. எழுத்து வாசிக்காதவர்களுக்குச் சூரியன், சோற்றுத்தட்டு, நிலா என்று படம் போதும்.

——

பீலிக்கரை:

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். கிளிக்லசைட் விஷயத்தில் நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். நேரத்தை மாற்றினால் மட்டும் போதாது, அளவையே குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், முக்கியமாக இரவு 40 மி.கி. ஐ.

எச்.பி.ஏ.1சி 6.8 என்றால் கொப்பியில் பார்க்க அழகு. பல வருத்தமும் வயதும் சேர்ந்தவர்களுக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 8க்குக் கீழ் இருந்தால் போதும் என்கிறது. சீனி தாழ்ந்து அந்த 14 படியில் விழுந்து இடுப்பு உடைந்தால், 6.8 யாருக்கு? இன்னொரு விஷயமும் இருக்கிறது. இரத்தச்சோகை உள்ளவருக்கு இந்த எண்ணே நம்பகமானதல்ல: இரும்புக் குறைவு அதை உண்மையைவிட உயர்த்திக் காட்டும், இரத்தக் கசிவு தாழ்த்திக் காட்டும். வீட்டு மீட்டரில் எடுத்த நான்கு வாசிப்பு அதைவிடப் பெறுமதி.

ஸ்ட்ரிப் விலை எல்லோருக்கும் தெரியும். வாரத்துக்கு மூன்று மட்டும் என்றால் இப்படிப் பிரியுங்கள்: ஒன்று காலை வெறும் வயிற்றில், ஒன்று பகல் 11 மணிக்கு, ஒன்று இரவு படுக்கும் முன். நடுக்கம் வந்தால் அதற்கென்று ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். விரலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். சீனி அள்ளிய கையோடு குத்தினால் 90 என்பது 180 ஆகும். மலைநாட்டில் இன்னொரு சிக்கல், விடியற்காலைக் குளிர். பல மீட்டர்கள் 10 பாகைக்குக் கீழே பிழை காட்டும். மீட்டரைச் சட்டைக்குள் பத்து நிமிடம் வைத்துச் சூடாக்கி, கையையும் உரசிச் சூடாக்கிவிட்டு எடுங்கள்.

சல்பியூட்டமோல் உறிஞ்சினாலும் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதைச் சீனி இறக்கம் என்று நினைத்துச் சீனித்தண்ணி கொடுப்பதும், சீனி இறக்கத்தை இழுப்பின் களைப்பு என்று விட்டுவிடுவதும் இரண்டும் நடக்கிறது. குளிர்ந்த வேர்வையும் பசியும் குழப்பமும் சேர்ந்தால் சீனி இறக்கம் என்றே எடுங்கள். மீட்டரில் 70க்குக் கீழ் என்றால், அல்லது மீட்டர் கைவசம் இல்லையென்றால், மட்டமாக மூன்று தேக்கரண்டி சீனி அரைக் கிளாஸ் தண்ணியில். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ கட்டாயம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கிளிக்லசைட் பல மணித்தியாலம் உடம்பில் இருக்கும். நடுக்கம் நின்றதும் விட்டுவிட்டால் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. லயத்து வாசல்வரை வாகனம் ஏறாத தோட்டங்களில் எந்த வளைவில் நிற்பது, யார் தூக்கி வருவது என்பதை முன்கூட்டியே பக்கத்துக் காம்பராக்காரர்களோடு பேசி வைத்திருங்கள்.

தலைசுற்றலுக்கு ஒரு சோதனை உண்டு. தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே செய்யலாம். மேட்டில் ஏறி வந்த உடனே பிரஷர் எடுக்கக் கூடாது. 5 நிமிடம் முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து உட்கார்ந்த பிறகு ஒரு வாசிப்பு. பிறகு எழுந்து நிற்கச் சொல்லி 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் பிரஷர் மருந்து அவருக்குக் கூடிவிட்டிருக்கலாம். 122/70 இலேயே இருப்பவருக்கு அப்படி இறங்கினால் எச்.சி.டி. யைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியுமா என்று கேட்க நல்ல காரணம் இருக்கிறது. மூன்று எண்ணையும் கொப்பியில் எழுதிக் காட்டினால் டொக்டருக்கும் முடிவெடுக்க இலகு. "தலை சுத்துது" என்று மட்டும் சொன்னால் தலைசுற்றலுக்கு இன்னொரு மாத்திரைதான் கூடும்.

வாந்தி, வயிற்றோட்டம் வரும் நாளுக்கு ஒரு தனித் துண்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அன்றைக்கு மெட்போர்மின், லொசார்டான், எச்.சி.டி. மூன்றும் நிறுத்தம். சாப்பிடாவிட்டால் கிளிக்லசைட்டும் இல்லை. தைரொக்சினும் இழுப்பு மருந்தும் வழமைபோல. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) ஒரு பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணியில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்; அரைப் பக்கற்றைக் கண்ணளவில் கரைத்தால் உப்பின் அளவு தவறும். வழமைபோல் சாப்பிட்டுக் குடித்து 24 முதல் 48 மணித்தியாலம் ஆன பிறகு மருந்துகளைத் திரும்பத் தொடங்கலாம். ஒரு நாளுக்குள் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. இந்தத் துண்டை அடுத்த கிளினிக்கில் ஒருமுறை காட்டி, சரிதான் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டால் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

——

கொழுந்துக்கூடை:

மிக்க நன்றி. டைக்ளோபெனக்கை எடுத்து வைத்துவிட்டேன். அடுப்படி விஷயம் எழுத மறந்துவிட்டேன்: விறகடுப்புத்தான், கேஸ் மாதம் முழுக்கப் போதாது. புகையில் முட்டு வருகிறது என்று தெரிந்தும் அம்மா அங்கேயேதான் இருப்பார். சாயந்தரம் அடுப்புப் பக்கம் காலை நீட்டிக் குளிர் காய்வார். கெப்சியூல் மருந்து மழைக்காலத்தில் வேலை செய்வதே இல்லை என்கிறார். அது மனப்பிரமையா?

——

மூன்றாம் நம்பர் மலை:

மனப்பிரமை இல்லை. அம்மா சொல்வது சரி. அந்தக் கெப்சியூலுக்குள் இருப்பது நுண்ணிய தூள். மழைக்காலத்து ஈரத்தில் தூள் கட்டிபிடிக்கும், சாதனத்தின் உட்சுவரிலும் ஒட்டும். உறிஞ்சினால் பாதி உள்ளே போகாது. கெப்சியூல்களை இறுக்கமான மூடியுள்ள போத்தலில், அடுப்படியில் அல்லாமல் காம்பராவுக்குள் வையுங்கள். பாவிக்கும் நிமிடத்தில்தான் ஒன்றை வெளியே எடுக்க வேண்டும். சாதனத்தைக் கழுவினால் முழுதாகக் காயவிட்டு, ஒரு நாள் ஆனாலும் சரி, பிறகுதான் பாவிக்க வேண்டும். உறிஞ்சும்போது வேகமாகவும் ஆழமாகவும், பிறகு 10 விநாடி மூச்சை நிறுத்தி. கெப்சியூலில் தூள் மிச்சமிருந்தால் இன்னொரு தடவை. மூச்சு வேகம் போதாத வயதானவர்களுக்கு ஸ்பிரே இன்ஹேலரும் ஸ்பேசரும் (ஸ்பிரே மருந்தைத் தேக்கி உறிஞ்ச உதவும் குழாய்) நல்லது, கேட்டுப் பாருங்கள். ஸ்பேசர் கிடைக்காவிட்டால் 500 மி.லீ. பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்கு ஓட்டை போட்டு, போத்தலின் வாயை வாயில் வைத்துப் பாவிக்கலாம்; வேலை செய்கிறது என்று ஆய்வுகளிலேயே காட்டியிருக்கிறார்கள். ஸ்பிரேயில் வேகமாக இழுக்கக் கூடாது, மெதுவாக. இரண்டு வகைக்கும் முறை நேர் எதிர், மாறும்போது இதில்தான் பிழைக்கிறார்கள்.

பெக்லோமெத்தசோன் எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். சீனி உள்ளவருக்கு வாயில் வெள்ளைப் பூஞ்சை சீக்கிரம் வரும், வந்தால் சாப்பாடே பிடிக்காது. முட்டு இல்லாத நாளிலும் இதை விடக் கூடாது. விட்டால் பிறகு பிரட்னிசொலோன் எழுத வேண்டி வரும், அந்தக் கிழமை முழுக்கச் சீனி ஏறும், அதுவும் காலையில் அல்ல, பின்னேரத்தில். கண் கிளினிக் போனால் இழுப்பு இருப்பதை முதலில் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலோல் சொட்டு மருந்துகூட மூச்சுக்குழாயைச் சுருக்கும். நடுக்கத்துக்கென்று யாராவது புரோபிரனோலோல் எழுதினாலும் அப்படித்தான்.

அடுப்படிக்கு வருவோம். அம்மாவை அடுப்படியிலிருந்து வெளியேற்றாதீர்கள், புகையை வெளியேற்றுங்கள். அவர் கேட்ட மூன்றில் ஒன்று அது. ஈர விறகுதான் பெரிய குற்றவாளி. வெட்டிப்போட்ட தேயிலைத்தடியும் சவுக்கும் காயாமல் எரிந்தால் கண்ணே தெரியாது. இரண்டு கிழமை விறகை முன்கூட்டியே பிளந்து, மழை படாத இடத்தில் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்கிக் காயவையுங்கள். அனகி மண்ணடுப்பு கிடைத்தால் வாங்குங்கள். இரண்டு பானை ஒன்றாக வைக்கலாம், விறகு குறையும், அதனால் புகையும் குறையும். ஆனால் அதில் புகைபோக்கி இல்லை, கூரையில் வழி இருக்க வேண்டும். தகரக் கூரையின் மேல்விளிம்பில் ஒரு முழ நீளத்துக்கு இடைவெளி விட்டு, அதன்மேல் மழை அடிக்காமல் இன்னொரு தகரத்தை உயர்த்திப் போட்டால் புகை தானாக ஏறிப் போகும். அடுப்புப் பற்றவைக்கும் முதல் பத்து நிமிடமும் அணைக்கும் நேரமும்தான் புகை அதிகம். அந்த இரண்டு நேரமும் வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், கனல் பிடித்த பிறகு அம்மா சமைக்கட்டும். இருக்கிற கேஸைக் காலைத் தேத்தண்ணிக்கும் சுடுதண்ணிக்கும் ஒதுக்கினால் ஒரு நாளில் இரண்டு தடவை பற்றவைப்பது மிச்சம்.

காலை நீட்டிக் குளிர் காய்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பல வருஷச் சீனிக்குப் பாதத்தில் உணர்வு மங்கியிருக்கும். சூடு தெரியாது, தோல் கருகிக் கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணில் படும். சுடுதண்ணிப் போத்தலும் அதே ஆபத்து. கம்பளிக் காலுறை இரண்டு போடட்டும், தையல் விளிம்பு வெளிப்பக்கம் இருக்க. தண்ணியின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு இரவும் நீங்கள் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் லைட் அடித்துப் பாருங்கள். இடுக்கில் ஈரம் இருந்தால் துடைக்க வேண்டும், எண்ணெய் பூசக் கூடாது. தேங்காயெண்ணெய் குதிக்கும் மேற்பாதத்துக்கும் மட்டும். அட்டை கடித்த இடத்தையும் புண் ஆறும்வரை பாருங்கள். சொறியச் சொறியச் சீழ்ப்பிடித்த புண்ணாகிக் கிடப்பது இங்கே புதிதல்ல.

சாப்பாட்டில் நான் ஒன்றுதான் சொல்வேன், உப்பு. நாளுக்கு எல்லாம் சேர்த்து மட்டமாக ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராம். சம்பலும் கருவாடும் ஒரே நாளில் வேண்டாம். கடையில் பொட்டாசியம் கலந்த "குறைந்த சோடியம்" உப்பு வந்தால் வாங்காதீர்கள், லொசார்டான் எடுப்பவருக்குப் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பைக் கெடுக்கும். மா ரொட்டி மூன்றை இரண்டாக்கிப் பருப்பும் கீரையும் கூட்டினால் சீனி மெதுவாக ஏறும், பதினொரு மணிக்குத் திடீரென்று விழுவதும் குறையலாம். சாப்பாட்டோடு தேத்தண்ணி வேண்டாம், ஒரு மணித்தியாலம் தள்ளி. தேயிலைச் சாயம் சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது, 10.2க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மெட்போர்மின் பல வருஷம் எடுத்தால் பி12 குறையும் என்பதால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். பாத விறைப்பு அதனாலும் வரும், அது ஊசியால் சரியாகக்கூடியது.

——

ஊவா மழை:

முழங்காலுக்கு வலி மருந்தைத் தவிர வேறு எதையும் யாரும் எழுதவில்லை. 46 கிலோக்காரரிடம் "எடையைக் குறையுங்கள்" என்று சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் குறைந்திருப்பது தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி 5 விநாடி பிடித்து இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. இரண்டு கிழமை கழித்து, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழும்பி உட்காருவது 5 தடவை. செய்த பிறகு வலி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, அடுத்த நாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். இழுப்பு உள்ளவர் என்பதால் சல்பியூட்டமோல் எடுத்து 15 நிமிடம் கழித்துச் செய்யட்டும்.

கோயிலுக்குத் தனியாக நடக்கக் கம்பு வேண்டும். கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பு இருக்கும் உயரம். அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள். நுனியில் ரப்பர் மூடி இல்லாத கம்பு ஈரப் பாறையில் வழுக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதல், இறங்கும்போது நோகும் காலும் கம்பும் முதல். பாட்டா மாதிரி விரலிடுக்குச் செருப்பு வேண்டாம், குதியைப் பிடிக்கும் வார் உள்ளது வேண்டும்.

இரவு 14 படிக்கு என் பதில், இறங்கவே வேண்டாம். மூடியுள்ள வாளியைக் காம்பராவுக்குள் வைத்து, உட்காரும் இடம் வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலியை அதன்மேல் வையுங்கள். அம்மா வெட்கப்படுவார். முதல் நாளே அவசர நேரத்தில் அல்லாமல் பகலில் உட்கார்ந்து பழகவிடுங்கள். கால் விரியும் மெல்லிய நாற்காலியை எடுக்காதீர்கள், வெட்டினால் பலம் இன்னும் குறையும். தடித்த கைப்பிடி நாற்காலி எடுத்து, வெட்டிய விளிம்பை மெழுகுவர்த்தியால் உருக்கி மழுக்க வேண்டும். பகலில் கக்கூசிலும் அதையே குழிக்கு மேலே வைக்கலாம்; குந்தி எழும்புவது முழங்காலுக்கும் தலைசுற்றலுக்கும் இரண்டுக்குமே கெடுதல். மூன்று தரம் எழும்புவதைக் குறைக்க: கடைசித் தேத்தண்ணி 6 மணிக்கு, பின்னேரம் ஒரு மணித்தியாலம் காலைத் தலையணையில் உயர்த்தி வைப்பது (பகலில் காலில் தேங்கும் நீர்தான் படுத்ததும் சிறுநீராகிறது), ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை.

——

கறுவாப்பட்டை:

கிளினிக் நாள் பற்றி இரண்டு விஷயம். வெறும் வயிற்று இரத்தம் கொடுக்கும் நாளில் தைரொக்சினும் லொசார்டானும் தண்ணியோடு எடுக்கலாம். கிளிக்லசைட்டும் மெட்போர்மினும் பையில். ரொட்டிப் பொட்டலமும் சீனியும் அதே பையில். இரத்தம் கொடுத்தவுடன் சாப்பிட்டு மாத்திரை. டொக்டரைப் பார்க்கும்வரை பட்டினி இருக்கத் தேவையில்லை. பஸ்ஸில் சிறுநீர் முட்டும் என்று எச்.சி.டி. யைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தவிர்க்க வேண்டாம், வீடு திரும்பிப் பின்னேரம் 2 மணிக்குள் எடுத்தால் சரி.

மூன்று கிளினிக்கை ஒன்றாக்கக் கேளுங்கள். சீனி, பிரஷர், தைரொய்ட் மூன்றையும் ஒரே மெடிக்கல் கிளினிக்கில் பார்க்க முடியும். மூன்று நாள் பஸ்ஸும் கூட வருபவரின் பேரும் (நாள் கூலியும்) மிச்சம். மூன்று கொப்பியையும் எல்லா மருந்து உறைகளையும் ஒரே பையில் கொண்டுபோய் மேசையில் வைத்து, "இதில் எது இனித் தேவையில்லை?" என்று கேளுங்கள். கொப்பியின் பின்பக்கத்தில் மாதம் ஒருமுறை ஐந்து வரி எழுதுங்கள்: நடை, குளித்து உடுத்துவது, வீட்டு வேலை, வலி, மனசு. ஒவ்வொன்றுக்கும் பரவாயில்லை, கஷ்டம், முடியவில்லை என்று ஒரு சொல். உலகெங்கும் வாழ்க்கைத் தரத்தை அளக்கப் பாவிக்கும் ஈ.க்யூ.5டி வினாக்கொத்தும் இதே ஐந்தைத்தான் கேட்கிறது. சீனி 98இல் இருக்க இந்த ஐந்தும் சரிந்துகொண்டு போனால், மருந்துத் திட்டம் அவருக்குப் பொருந்தவில்லை என்று அந்தப் பக்கமே காட்டிவிடும். மனசு வரியில் இரண்டு மாதம் தொடர்ந்து "முடியவில்லை" வந்தால் அதையும் ஒரு வருத்தமாகவே டொக்டரிடம் சொல்லுங்கள். இடையில் யாரிடமாவது பேச வேண்டுமானால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது.

——

கொழுந்துக்கூடை:

கடைசியாக ஒன்று. வெள்ளிக்கிழமை விரதம் அம்மா விடமாட்டார், கந்தசஷ்டி ஆறு நாளும் பிடிப்பார். அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

——

பீலிக்கரை:

தடுக்க வேண்டாம், ஆனால் முறையை மாற்றுங்கள். தண்ணியும் இல்லாத விரதம் இந்தச் சிறுநீரகத்துக்கும் லொசார்டானுக்கும் ஒத்துவராது. தண்ணி, உப்பில்லாத மோர், இளநீரில் அரைக் கிளாஸ், இவை இருக்கட்டும். ஒருவேளைச் சாப்பாடு என்றால் அந்தச் சாப்பாட்டோடு மட்டும் கிளிக்லசைட், அதுவும் சஷ்டிக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் சொல்லி அந்த ஆறு நாளுக்கான அளவை எழுதி வாங்கிய பிறகு. மெட்போர்மினும் சாப்பாட்டோடுதான். விரத நாளில் 11 மணிக்கும் 4 மணிக்கும் சீனி பாருங்கள், ஸ்ட்ரிப்பை அதற்கென்று சேர்த்து வையுங்கள். 70க்குக் கீழ், அல்லது 300க்கு மேல், அல்லது வேர்வை வந்தால் அந்த நிமிடமே விரதம் முடிகிறது. இதைக் கோயில் ஐயரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் வாயால் அம்மாவுக்குச் சொல்ல வையுங்கள். நாங்கள் சொன்னால் கேட்காததை அவர் சொன்னால் கேட்பார். சீனி இறங்கி விரதத்தை முடிக்கிறதென்றால் சீனித்தண்ணியை விடப் பிரசாதப் பானகம் அரைக் கிளாஸ் நல்லது. அதில் உள்ள வெல்லமும் சீனி இறக்கத்துக்கு அதே வேலையைச் செய்யும், அம்மாவுக்கு விரதம் உடைந்த மாதிரியும் இருக்காது.